ஆராய்ச்சிப் படிப்பில் இருக்கும்போதே வேலைக்கான பயிற்சியைத் தேடிக்கொள்வது எப்படி

தெலுக் இந்தான், ஊத்தான் மெலிந்தாங், லங்காப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து அறிவியல் படிக்கப் போகும் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். டிகிரியோடு நிற்காமல் முதுகலை, முனைவர் பட்டம் என்று போகிறார்கள். அவர்களிடம் "முடித்தபிறகு என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் சொல்வது லெக்சரர் வேலை. அது கிடைக்கவில்லை என்றால் என்ன என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. வேறு என்ன வேலை இருக்கிறது, அதற்கு என்ன தகுதி வேண்டும், யாரைப் போய்க் கேட்பது, சிவியில் எதை எழுதுவது, மேற்பார்வையாளரிடம், அதாவது எஸ்வியிடம், இதையெல்லாம் எப்படிப் பேச்செடுப்பது, எதையும் யாரும் சொல்லித் தரவில்லை. அப்பா பேராசிரியர், அத்தை டாக்டர் என்று இருக்கும் வீடுகளில் இந்த விவரமெல்லாம் சாப்பிடும்போதே காதில் விழுந்துவிடும். அப்பா குலை வெட்டியும் அம்மா உரம் போட்டும் படிக்க வைத்த வீட்டில் எங்கிருந்து விழும்? அதனால் இந்தப் பயிற்சியை நாமே தேடி எடுத்துக்கொள்ள வேண்டும். கடைசி செமஸ்டரில் தொடங்கினால் போதாது, படிப்பில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே தொடங்க வேண்டும். எப்படி என்பதைத்தான் எழுதுகிறேன்.

"ஆராய்ச்சியை ஒழுங்காகச் செய்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும்" என்று நினைப்பவர்களுக்காக நம் தோட்டத்துக் கதை ஒன்று. 1980க்கு முன்னால் மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் மகரந்தத்தைக் கையால் தூவினார்கள். உங்கள் பாட்டியோ பெரியம்மாவோ அந்த வேலை பார்த்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள். லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்ட நிர்வாகி ஒரு கேள்வி கேட்டார்: கேமரூனில் யாரும் தூவாமலே பழம் நன்றாகப் பிடிக்கிறதே, இங்கே மட்டும் ஏன் இந்தப் பாடு? ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலாளர் கேமரூனுக்கே போய் ஆராய்ந்தார். அந்த வேலையைச் செய்வது காற்று இல்லை, பூச்சிகள், அதிலும் எலைடோபியஸ் கேமரூனிகஸ் என்ற குட்டி வண்டுதான் முக்கியம் என்று காட்டினார். அதோடு வேலை முடியவில்லை. இந்த வண்டு வேறு பயிரைத் தொடாது என்று சோதித்துக் காட்ட வேண்டும், அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும், வெளிநாட்டுப் பூச்சியைக் கொண்டுவந்து விடுவதா என்று பயந்தவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். எல்லாம் முடிந்து 1981இல் வண்டு மலேசியாவில் விடப்பட்டது, கையால் தூவும் வேலை தேவையில்லாமல் போனது. பூச்சியைக் கண்டுபிடித்தது அறிவியல் என்றால், அதை இங்கே கொண்டுவந்து சேர்க்க வேண்டியிருந்த எழுத்து, பேச்சு, விதிமுறை அறிவு, ஆட்களோடு சேர்ந்து வேலை செய்யும் பழக்கம் இவையும் விஞ்ஞானியின் வேலைதான். இவை பிறவியில் வருவதில்லை, பழகினால் வரும்.

முதலில் எழுதி வையுங்கள்

ஒரு சனிக்கிழமை மாலையை ஒதுக்குங்கள். வளர்ச்சித் திட்டம் என்று ஒன்று உண்டு, ஆங்கிலத்தில் சுருக்கமாக ஐடிபி என்பார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆராய்ச்சி மாணவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை இதை எழுதுகிறார்கள். இதற்காகவே அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகம் 2012இல் மைஐடிபி என்ற இணையக் கருவியை வெளியிட்டது. இலவசம், கணக்கு ஒன்று திறந்தால் போதும். உங்கள் திறமைகள் என்ன, எந்த வேலையில் ஆர்வம், வாழ்க்கையில் எது முக்கியம் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, 20 வகை அறிவியல் வேலைகளில் எது உங்களுக்கு ஒத்துவரும் என்று காட்டும். வேதியியல் படிப்பவர்களுக்கு அமெரிக்க வேதியியல் கழகத்தின் கெம்ஐடிபி இருக்கிறது. இரண்டும் அமெரிக்காவை மனதில் வைத்துச் செய்தவை, அதனால் அது சொல்லும் வேலைகளுக்கு மலேசியாவில் என்ன பெயர், யார் ஆள் எடுக்கிறார்கள் என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். தோட்டத்து வீட்டில் இணைய லைன் சரியாக இல்லை என்றால் கேள்விகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்து நிதானமாகப் பதில் எழுதலாம். என்னைக் கேட்டால் நோட்டில் எழுதுவதே நல்லது, திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பீர்கள்.

"வாழ்க்கையில் எது முக்கியம்" என்ற பகுதியை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள், நம் பிள்ளைகள் அதிகம் பொய் சொல்வது அங்கேதான். உலகத்துக்குப் பயன்பட வேண்டும், அறிவு வளர வேண்டும் என்று எழுதுகிறார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் அப்பாவுக்குச் சர்க்கரை நோய், வாரத்துக்கு ஒருமுறையாவது வீட்டுக்கு வர வேண்டும் என்பதும் உண்மை. தம்பி டிப்ளோமா முடிக்கும்வரை மாதம் இவ்வளவு ரிங்கிட் அனுப்ப வேண்டும், பிடிபிடிஎன் படிப்புக் கடன் நிற்கிறது, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முடியும் கான்ட்ராக்ட் வேலை கட்டுப்படியாகாது, இவையும் எழுத வேண்டியவை. இதை எழுத வெட்கப்பட ஒன்றுமில்லை. எழுதினால்தான் ஜெர்மனியில் மூன்று வருஷ ஆய்வுப் பணியும் சிலாங்கூரில் பாங்கி ஊரில் நிரந்தர வேலையும் ஒரே நேரத்தில் முன்னால் வந்தால் எதன்படி முடிவெடுப்பது என்று தெரியும்.

அப்புறம் இலக்கு. "ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று எழுதினால் அது அடுத்த வருஷமும் அதே பக்கத்தில் அப்படியே இருக்கும். இப்படி எழுதுங்கள்: "ஜூன் முடிவதற்குள் என் நாற்றங்கால் சோதனையின் தரவை ஆர் மென்பொருளில் நானே பகுத்து, இரண்டு கிராஃப் வரைந்து, எஸ்வியிடம் காட்டுவேன். அதற்காக வாரத்தில் செவ்வாய், வியாழன் இரவு ஒரு மணி நேரம்." இதில் நாள் இருக்கிறது, கையில் காட்ட ஒரு பொருள் இருக்கிறது, பார்க்க ஒரு ஆள் இருக்கிறார். ஒரு வருஷத்துக்கு இப்படி மூன்று போதும், பத்து எழுதினால் பத்தும் நடக்காது.

லெக்சரர் வேலையைத் தவிர என்ன இருக்கிறது

நிறைய இருக்கிறது, அதுவும் நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஜெண்டராத்தா தோட்டத்தைத் தெரியாதவர் தெலுக் இந்தானில் இல்லை. யுனைடெட் பிளான்டேஷன்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவு அங்கேதான் இருக்கிறது. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்துக்கு, அதாவது எம்பிஓபிக்கு, பாங்கியில் தலைமையகம், தெலுக் இந்தானில் ஆய்வு நிலையம். செம்பனையின் மரபணுத் தொகுதியைப் படித்து 2013இல் நேச்சர் இதழில் வெளியிட்டது இந்த வாரியம் தலைமையேற்ற குழு. சுங்கை பூலோவில் ரப்பர் ஆராய்ச்சி, செர்டாங்கில் மார்டி என்ற வேளாண் ஆராய்ச்சிக் கழகம், கெப்போங்கில் காட்டியல் ஆராய்ச்சிக் கழகம். இங்கெல்லாம் ஆய்வு அதிகாரி வேலைக்கு விளம்பரம் வரும், அவரவர் இணையப் பக்கத்திலேயே வரும், யாராவது வந்து சொல்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம். நேர்முகத் தேர்வு மலாய் மொழியில் இருக்கலாம், அதனால் உங்கள் ஆய்வை மலாயில் ஐந்து நிமிடம் தடங்கலில்லாமல் பேசிப் பழகுங்கள். ஆங்கிலத்திலேயே ஆய்வு செய்துவிட்டு மலாயில் கேள்வி வந்ததும் சொல் கிடைக்காமல் திணறும் நல்ல பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

ஆய்வுக்கூட வேலை பிடித்திருந்தால், எண்ணெய் ஆலை, உரம், தண்ணீர், உணவு என்று எல்லாத் துறையிலும் சோதனைக்கூடம் இருக்கிறது. அங்கே முதலில் கேட்பது ஐஎஸ்ஓ 17025 தெரியுமா என்பதுதான். சோதனைக்கூடம் தரும் முடிவை எப்படி நம்பலாம் என்பதற்கான உலகத் தரம் அது. மலேசியாவில் சாம் என்ற அங்கீகாரத் திட்டம் அதன்படிதான் நடக்கிறது. கருவி அளவீட்டைச் சரிபார்த்த பதிவு, அளவீட்டில் எவ்வளவு முன்னே பின்னே இருக்கலாம் என்ற கணக்கு, யார் எந்தத் தேதியில் எதைச் செய்தார் என்ற குறிப்பு, இவற்றை உங்கள் லேப் நோட்டில் இப்போதே பழக்கமாக்கிக்கொண்டால் தனியாகப் பணம் கட்டிப் படிக்கும் தேவை பாதி குறையும். இதோடு ஒன்று: வேதியியல் படித்தவர்கள் இங்கே வேதியியலாளராகத் தொழில் செய்ய 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இன்ஸ்டிடியூட் கிமியா மலேசியாவில் பதிந்திருக்க வேண்டும். படிக்கும் காலத்திலேயே அவர்களிடம் விவரம் கேட்டு வையுங்கள். உயிரித் தொழில்நுட்பம், உணவுத் தொழில்நுட்பம் மாதிரியான துறைக்காரர்கள் மலேசியத் தொழில்நுட்பவியலாளர் வாரியத்தில் பதியலாம், அனுபவம் சேர்ந்தபின் பெயருக்கு முன்னால் டிஎஸ் என்று போட்டுக்கொள்ளும் தகுதி அதன்வழி வரும்.

நிலைத்தன்மைத் துறை என்று ஒன்று வளர்ந்திருக்கிறது. செம்பனை எண்ணெய் சுற்றுச்சூழலையும் தொழிலாளரையும் கெடுக்காமல் உற்பத்தியாகிறதா என்று பார்த்துச் சான்று தரும் உலக அமைப்பான ஆர்எஸ்பிஓ 2004இல் தொடங்கியது, அதே மாதிரியான மலேசியாவின் எம்எஸ்பிஓ சான்றிதழ் 2020 தொடக்கத்திலிருந்து மலேசியச் செம்பனைத் தோட்டங்களுக்குக் கட்டாயம். அதாவது ஒவ்வொரு தோட்டத்துக்கும் யாராவது ஒருவர் போய் மண், தண்ணீர், பூச்சிமருந்து, தொழிலாளர் வீடு எல்லாவற்றையும் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். லயத்து வீட்டில் வளர்ந்து, மண்ணியலோ சுற்றுச்சூழலோ படித்த ஒரு பெண் இந்த வேலைக்குப் போனால் அவளுக்கு எந்தக் கேள்வியை யாரிடம் கேட்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தோட்டத்திலிருந்து வந்ததை மறைக்கும் பிள்ளைகள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும், இந்த வேலையில் அது பெரிய பலம்.

மருத்துவ அறிவியல் பக்கம் போகிறவர்களுக்கு மருந்துச் சோதனை ஒருங்கிணைப்பாளர் வேலை. சுகாதார அமைச்சின் கீழ் கிளினிக்கல் ரிசர்ச் மலேசியா 2012இல் அமைக்கப்பட்டதிலிருந்து இந்தத் துறைக்கென்று ஒரு வாசல் இருக்கிறது. மருந்துச் சோதனையை முறையாக நடத்தும் நெறிகளைச் சொல்லித் தரும் ஜிசிபி என்ற பயிற்சிக்குப் போய்ப் பரீட்சையில் தேறினால் உள்ளே நுழையும் முதல் சீட்டு கையில் இருக்கும். காப்புரிமை அலுவலகம், ஆய்வுக் கருவி விற்கும் கம்பெனியின் தொழில்நுட்ப ஆலோசகர், பத்திரிகைக்கு அறிவியல் எழுதுபவர், இவையும் உண்டு, ஆர்வம் இருப்பவர் தேடினால் விவரம் கிடைக்கும்.

ஆளைப் பார்த்துக் கேளுங்கள்

வேலை விளம்பரத்தைப் படித்து ஒரு வேலையைப் புரிந்துகொள்ள முடியாது, அந்த வேலையில் இருப்பவரிடம் இருபது நிமிடம் பேசினால் புரியும். இதற்குப் பெயர் வேலை கேட்பது இல்லை, விவரம் கேட்பது. இந்த வேறுபாடு நமக்கும் தெளிவாக இருக்க வேண்டும், எதிரில் இருப்பவருக்கும் தெளிவாக இருக்க வேண்டும். நம் ஊர்க்காரர் ஒருவர் ஆராய்ச்சிப் பிரிவில் இருக்கிறார் என்று வையுங்கள், நம்பர் கிடைத்துவிட்டது, இப்படி அனுப்பலாம்:

"வணக்கம் அண்ணே. நான் ஊத்தான் மெலிந்தாங் பக்கம். இப்போது செர்டாங்கில் மண்ணியலில் முதுகலை, இரண்டாவது செமஸ்டர். நீங்கள் செம்பனை உர ஆய்வில் இருப்பதாக எங்கள் மாமா சொன்னார். வேலை கேட்டு எழுதவில்லை அண்ணே. இந்த வேலைக்கு வர என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று தெரிந்துகொள்ள ஆசை. அடுத்த வாரம் ஊருக்கு வருகிறேன். உங்களுக்கு வசதியான நேரத்தில் இருபது நிமிடம் பேச முடியுமா? போனில் என்றாலும் சரி."

யார், எங்கே படிப்பவர், யார் சொன்னது, என்ன வேண்டும், எவ்வளவு நேரம், எல்லாம் வந்துவிட்டது. "ஹாய் அண்ணே, பிசியா?" என்று மட்டும் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். மலாய்க்கார அதிகாரி என்றால் என்சிக், புவான் என்று முறையாகத் தொடங்கி மலாயிலேயே எழுதுங்கள். சிறுதோட்டக்காரர்களுக்கு ஆலோசனை சொல்லும் எம்பிஓபியின் துனாஸ் அதிகாரிகள் ஊர் ஊராகப் போகிறவர்கள், பேசுவதே அவர்கள் வேலை, தயங்காமல் போய்ப் பேசுங்கள்.

என்ன கேட்பது? "வேலை எப்படிங்க?" என்றால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். "நேற்றுக் காலையிலிருந்து சாயங்காலம்வரை என்னென்ன செய்தீங்க?" என்று கேளுங்கள், அப்போதுதான் பாதி நாள் எக்செல்லிலும் பாதி நாள் வெயிலிலும் போகிறது என்ற உண்மை வெளியே வரும். இந்த வேலைக்கு ஆள் எடுக்கும்போது எதைப் பார்க்கிறீர்கள், படிக்கும்போது எதைக் கற்றிருக்கலாம் என்று நினைக்கிறீர்கள், நான் அடுத்து யாரிடம் பேசலாம் என்று கேட்டு முடியுங்கள். சொன்ன நேரத்தில் எழுந்துவிடுங்கள். அன்று இரவே நன்றி சொல்லி ஒரு செய்தி, ஆறு மாதம் கழித்து "நீங்கள் சொன்ன கோர்ஸை முடித்துவிட்டேன் அண்ணே" என்று இன்னொரு செய்தி. இந்த இரண்டாவது செய்தியை அனுப்புகிறவர்கள் மிகக் குறைவு, அதனாலேயே அனுப்புகிறவர்களைப் பெரியவர்கள் மறப்பதில்லை.

எஸ்வியிடம் பேசுவது

பலர் பயப்படுவது இங்கே. "வேலையைப் பற்றிப் பேசினால் ஆராய்ச்சியில் கவனமில்லை என்று நினைப்பாரோ?" நினைக்கலாம், அதனால்தான் சும்மா போய்ப் பேசக் கூடாது. தரவு காட்டும் கூட்டத்தில் கடைசி ஐந்து நிமிடத்தில் இதை நுழைக்காதீர்கள். தனியாக அரை மணி நேரம் கேட்டு வாங்கி, நீங்கள் எழுதிய திட்டத்தை ஒரே பக்கத்தில் கொண்டுபோங்கள். அதில் முதல் பாதி ஆராய்ச்சி எப்போது எந்தக் கட்டத்தில் இருக்கும் என்ற அட்டவணை, இரண்டாம் பாதி நீங்கள் கற்க விரும்புவது, ஒவ்வொன்றும் ஆய்வுக்கும் எப்படிப் பயன்படும் என்று ஒரு வரி. "டாக்டர், இந்தப் பட்டியலில் எது அவசியம், எது தேவையில்லை என்று சொல்லுங்கள்" என்று கேட்டால் பெரும்பாலான எஸ்விகள் பேனாவை எடுத்துத் திருத்தத் தொடங்கிவிடுவார்கள். அனுமதி கேட்பதைவிட ஆலோசனை கேட்பது சுலபம், கொடுப்பதும் சுலபம்.

அதே கூட்டத்தில் இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: கட்டுரை எழுதும்போது யார் பெயர் எந்த வரிசையில் வரும். எழுதி முடித்தபின் கேட்டால் மனக்கசப்பு, எழுதுவதற்கு முன் கேட்டால் வெறும் வேலைப் பேச்சு. கிரெடிட் என்ற வகைப்பாடு ஒன்றில் ஒரு ஆய்வில் இருக்கக்கூடிய பங்குகளை 14ஆகப் பிரித்திருக்கிறார்கள்: யோசனை, முறை, தரவு சேகரிப்பு, பகுப்பாய்வு, முதல் வரைவு, நிதி என்று. இதழ்கள் பல இதைக் கேட்கின்றன. அந்தப் பட்டியலை நடுவில் வைத்துப் பேசினால் பேச்சு ஆளை விட்டு வேலைக்கு வந்துவிடும். எஸ்வி நல்லவர்தான், ஆனால் நேரமே இல்லை என்றால் கோபப்பட்டுப் பயனில்லை, இன்னொரு வழிகாட்டியைத் தேடுங்கள். ஆய்வு முறைக்கு ஒருவர், எழுத்துக்கு ஒருவர், வேலைத் தேடலுக்கு ஒருவர், மனசு விட்டுப் பேச ஒரு சீனியர் அக்கா என்று நான்கு பேர் இருப்பது ஒருவரையே நம்பி இருப்பதைவிட நல்லது.

பழக வேண்டியவை

தரவுப் பகுப்பாய்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஆர், பைதான் இரண்டில் ஒன்று போதும், இரண்டும் இலவசம். கார்ப்பென்ட்ரீஸ் என்ற அமைப்பு ஆராய்ச்சியாளர்களுக்காகவே எழுதிய பாடங்கள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன, அதை உங்கள் சொந்தத் தரவில் செய்து பாருங்கள்.

பேச்சுக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கிய மூன்று நிமிட ஆய்வுரைப் போட்டி இப்போது மலேசியப் பல்கலைக்கழகங்களிலும் நடக்கிறது. ஒரே ஒரு ஸ்லைடு, அசையும் படம் கூடாது, மூன்று நிமிடத்தைத் தாண்டினால் வெளியே. ஜெயிக்க வேண்டும் என்பதில்லை, கட்டாயம் சேருங்கள். அதற்கு முன் வீட்டில் தமிழில் பேசிப் பாருங்கள். செம்பனை மரத்தின் அடியை அழுக வைக்கும் கானோடெர்மா நோயை ஆராய்கிறீர்கள் என்று வையுங்கள். "பேசல் ஸ்டெம் ரோட், பேத்தோஜன் டிடெக்ஷன்" என்று தொடங்கினால் மாமா தலையை ஆட்டிவிட்டு டிவி பக்கம் திரும்பிவிடுவார். "மாமா, மரம் அழுகிச் சாயுதே, அதுக்கு முன்னால உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். அவர் சொல்வார்: "ரெண்டு மூணு குருத்து விரியாம அப்படியே நிக்கும். அப்புறம் கீழ் மட்டையெல்லாம் பாவாடை மாதிரி தொங்கிடும். அடியில காளான் வந்துட்டா மரம் போச்சு." நோயியல் புத்தகத்தில் இருப்பதும் அதேதான். அங்கிருந்து பிடியுங்கள்: "காளான் வெளியே தெரியும்போது உள்ளே ரொம்ப அழுகிப் போயிருக்கும் மாமா. அதுக்கு முன்னாலேயே மரத்துல கண்டுபிடிக்க முடியுமான்னுதான் நான் பாக்கிறேன்." இரண்டே வாக்கியத்தில் பிரச்சினையும் உங்கள் ஆய்வும் வந்துவிட்டன. இதையே மலாயிலும் ஆங்கிலத்திலும் சொன்னால் அதுதான் உங்கள் மூன்று நிமிடத்தின் முதல் அரை நிமிடம், நேர்முகத் தேர்வில் "உங்கள் ஆய்வைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற கேள்விக்கும் அதுதான் பதில்.

பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் விழாவுக்கு உதவி கேட்டால் போங்கள். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை கேட்கும் "ஏன்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகியவர் எந்த நிபுணர் முன்னாலும் நிற்பார். அதைச் சிவியிலும் எழுதுங்கள், அது வெறும் சேவை இல்லை, பயிற்சி.

எழுத்துக்கு ஒரே வழி, வாரம் ஒரு பக்கம். நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து மாதம் ஒருமுறை, ஊரில் இருந்தால் மாமாக் கடையில், இல்லையென்றால் போனில், ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்துங்கள். வேறு வேறு துறையாக இருந்தால் இன்னும் நல்லது, புரியாத இடம் உடனே தெரிந்துவிடும்.

ஆராய்ச்சியாளரை அடையாளம் காட்டும் ஓர்கிட் எண் ஒன்றை இன்றைக்கே வாங்குங்கள். 16 இலக்கம், இலவசம், வாழ்நாள் முழுக்க ஒரே எண். நம் பெயர்களில் இது ரொம்ப அவசியம், ஏனென்றால் அப்பா பெயர் ஒரு கட்டுரையில் முன்னால் வரும், இன்னொன்றில் பின்னால் வரும், மூன்றாவதில் இனிஷியலாகிவிடும், உங்கள் கட்டுரைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க யாராலும் முடியாமல் போகும். எந்த வடிவில் எழுதுவது என்று முதல் கட்டுரைக்கு முன்பே முடிவு செய்து, கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

மின்னஞ்சலில் "மதிப்புக்குரிய பேராசிரியரே, எங்கள் மாநாட்டில் சிறப்புரை ஆற்ற அழைக்கிறோம்" என்று வந்தால், நீங்கள் முதுகலை மாணவர் என்றால், அது உங்கள் பணத்துக்கு வரும் அழைப்பு. இரண்டு வாரத்தில் கட்டுரை வெளியிட்டுத் தருகிறோம் என்று சொல்லும் இதழும் அப்படியே. பல்கலைக்கழக நூலகரிடம் காட்டிக் கேளுங்கள், இந்த விஷயத்தில் அவர்களைப்போல உதவுகிறவர்கள் இல்லை.

பணத்துக்கு என்ன செய்வது

மாநாட்டுக்கும் பயிற்சிக்கும் காசு வேண்டும், நம் பிள்ளைகள் பலர் அதைப் பார்த்ததும் மூடிவைத்துவிடுகிறார்கள். மாநாடுகள் பலவற்றில் மாணவர் கட்டணம் தனி, பயண உதவி தனி, அதற்கு மனு போடும் கடைசித் தேதி பெரும்பாலும் பதிவுத் தேதிக்கு முன்னாலேயே முடிந்துவிடும், அதை முதலில் பாருங்கள். எஸ்வியின் ஆய்வு நிதியில் பயணத்துக்கென்று ஒதுக்கியிருக்கிறதா என்று கேட்பது தப்பில்லை. தன்னார்வலராகச் சேர்ந்தால் கட்டணம் வேண்டாம் என்று சொல்லும் மாநாடுகளும் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது, பலருக்கு இது தெரியவில்லை. 2001ஆம் ஆண்டு மனிதவள மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வரும் துறைகளில், 10 பேர் அல்லது அதற்கு மேல் மலேசியத் தொழிலாளர் இருக்கும் கம்பெனி, சம்பளத் தொகையில் 1 விழுக்காட்டை எச்ஆர்டி கார்ப் என்ற மனிதவள மேம்பாட்டு நிறுவனத்துக்கு லெவியாகக் கட்ட வேண்டும். அந்தப் பணம் தொழிலாளர் பயிற்சிக்காகவே இருக்கிறது, அதை உங்கள் சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது. ஆலைச் சோதனைக்கூடத்தில் கெமிஸ்டாக இருக்கிறீர்கள், ஐஎஸ்ஓ 17025 உள்தணிக்கைப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்றால், லெவியில் கோரக்கூடிய பயிற்சி எது என்று நீங்களே தேடி, தேதி, கட்டணம், கம்பெனிக்கு என்ன நன்மை என்று அரைப் பக்கம் எழுதி மேனேஜரிடம் கொடுங்கள். கம்பெனி ஏற்கெனவே கட்டிவிட்ட பணம் அது. யாரும் கேட்காததால் பல இடங்களில் அப்படியே கிடக்கிறது.

வெளிநாடு

போக முடிந்தவர்கள் போங்கள். முனைவர் பட்டத்துக்குப் பிறகு ஐரோப்பாவில் மரி ஸ்க்லொடோவ்ஸ்கா கியூரி ஆய்வுப் பணிக்கு எந்த நாட்டுக்காரரும் மனு போடலாம். பட்டம் வாங்கி 8 ஆண்டுக்குள் இருக்க வேண்டும், போகப்போகும் நாட்டில் கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் தங்கியிருக்கக் கூடாது, அங்கே ஒரு பேராசிரியர் உங்களை ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்தப் பேராசிரியரைத் தேடுவதுதான் பெரிய வேலை, அதற்கு அரை வருஷம் முன்னாலேயே எழுதத் தொடங்குங்கள். அவர் கட்டுரையைப் படித்து, அதில் ஒரு இடத்தைக் குறிப்பிட்டு, உங்கள் கையில் இருக்கும் எந்தத் திறமை அவருக்கு உதவும் என்று எழுதினால் பதில் வர வாய்ப்பு உண்டு. ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பினால் அது அவர்களுக்கே தெரியும். வீட்டில் பயப்படுவார்கள், குறிப்பாகப் பெண் பிள்ளை என்றால். அங்கே ஏற்கெனவே போய் வந்த ஒரு அக்காவை வீட்டுக்கு அழைத்துவந்து அம்மாவிடம் பேச வையுங்கள், நீங்கள் ஒரு மாதம் விளக்குவதை அவர் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார்.

சிவியும் சிபாரிசும்

ஒரு பெரிய சிவி எழுதி வையுங்கள், செய்த எல்லாமும் அதில் இருக்கட்டும், மாதக் கடைசியில் ஒருமுறை திறந்து சேருங்கள். வேலைக்கு அனுப்புவது அதிலிருந்து வெட்டி எடுத்த இரண்டு பக்கம். கம்பெனிக்கு அனுப்பும்போது கட்டுரைப் பட்டியல் கடைசிக்குப் போகட்டும், என்ன கருவி தெரியும், எந்தப் பிரச்சினையைத் தீர்த்தீர்கள் என்பது முன்னால் வரட்டும். "எச்பிஎல்சி தெரியும்" என்பதைவிட "எச்பிஎல்சியில் செம்பனை எண்ணெய் மாதிரிகளை நானே தயார் செய்து, ஓட்டி, முடிவைச் சரிபார்த்து அறிக்கை எழுதினேன்" என்பது மேல். விடுமுறைக்குத் தோட்டத்தில் பழம் பொறுக்கியதையும், உரம் போட்டதையும் செம்பனைக் கம்பெனிக்கு அனுப்பும் சிவியில் எழுதுங்கள்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஆறு மாதம் இருக்கும்போதே மனு போடத் தொடங்குங்கள், ஏனென்றால் விளம்பரத்திலிருந்து முதல் சம்பளம்வரை பல மாதம் ஆகும். சிபாரிசு செய்யப்போகிறவரிடம் முன்கூட்டியே கேட்காமல் பெயரைப் போடாதீர்கள். குறைந்தது இரண்டு வாரம் முன்னால், வேலை விளம்பரம், நீங்கள் அனுப்பிய சிவி, அவரோடு நீங்கள் செய்த மூன்று வேலைகளை நினைவூட்டும் நான்கைந்து வரி, கடைசித் தேதி, எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பி, "டாக்டர், எனக்காக நல்ல சிபாரிசு எழுத உங்களால் முடியுமா?" என்று நேராகக் கேளுங்கள். தயங்கினார் என்றால் நன்றி சொல்லிவிட்டு வேறு ஒருவரிடம் போங்கள். எழுதித் தந்தவருக்கு, வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், முடிவு தெரிந்த அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.